வீட்டிலேயே படிக்கிறாள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இருப்பவர்கள் சாயங்காலம் காபியோடு உட்காருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து மகள் பேசினாள். சாப்பாடு, மழை, மாத்திரை எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தாள். "அம்மா, பாப்பாவை ஸ்கூல்லேர்ந்து நிறுத்திடலாம்னு இருக்கோம். வீட்டுலயே சொல்லிக் கொடுக்கலாம்னு. எப்படி ஆரம்பிக்கறதுன்னு நீதான் சொல்லணும்."

பேத்திக்கு ஏழு வயது. எழுதி முடிக்கவில்லை என்று வகுப்பில் அடிக்கடி நிற்க வைக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆனால் வயிற்றுவலி. டாக்டர் பார்த்துவிட்டு வயிற்றில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. "யோசிச்சு சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன். அவள் சொன்னதில் தப்பு இருக்கிறதா என்று யோசிக்கக்கூட இல்லை. 'வீட்டுலயே' என்ற அந்த ஒரு வார்த்தை மாட்டிக்கொண்டது. முப்பத்து மூன்று வருஷம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலை பார்த்தவள் நான். அந்த வார்த்தையை வேறு வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது, எண்பதுகளின் ஆரம்பம். நாலாம் வகுப்பில் ஒரு பெண், கணக்கில் கெட்டிக்காரி. பொங்கல் லீவு முடிந்து வரவே இல்லை. வீடு தேடிப் போனேன். அம்மாக்காரி வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். "வீட்டுலயே படிச்சிக்கிறா டீச்சர்" என்றாள். உள்ளே அந்தப் பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றாள். சிலேட்டு இருந்தது. அதில் பால்கணக்கு எழுதியிருந்தது. மூன்று தடவை போனேன். அவளை என்னால் திரும்பக் கூட்டிவர முடியவில்லை.

அதனால்தான் மகளுக்குப் பதில் சொல்லுமுன் இந்த ஒரு வாரமாகப் பழைய புத்தகங்களைக் கிளறிக்கொண்டிருந்தேன். வரலாற்று டீச்சர் புத்தி. நம் ஊரில் வீட்டில் வைத்துப் படிப்பு சொல்லிக்கொடுத்தது எப்படி நடந்தது, யாருக்கு நடந்தது என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது.

1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ (தீவுத்திடல் பக்கத்தில் சேணம் இல்லாத குதிரைமேல் சிலையாக இருக்கிறாரே, அவர்தான்) ஒவ்வொரு ஜில்லா கலெக்டருக்கும் உத்தரவு போட்டார். உங்கள் ஜில்லாவில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள், என்ன சாதி, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கணக்கெடுத்து அனுப்புங்கள் என்று. மூன்று நாலு வருஷம் கழித்து எல்லாம் வந்து சேர்ந்தது. 1826 மார்ச்சில் மன்றோ அதைத் தொகுத்துக் குறிப்பு எழுதினார். மாகாணத்தின் ஜனத்தொகை 1,28,50,941. பள்ளிகள் 12,498. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்கு வேண்டியது சென்னை நகரக் கலெக்டரின் கணக்கு. பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்களை எண்ணியதோடு நிற்காமல், வீட்டிலேயே படிக்கிற பிள்ளைகளையும் எண்ணி அனுப்பியிருக்கிறார். மொத்தம் 26,963 பேர். பள்ளிக்குப் போனவர்களைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு! மன்றோவுக்கே நம்பிக்கை வரவில்லை. இதில் ஏதோ பிழை இருக்க வேண்டும் என்று எழுதினார். ஆனால் உறவினரையோ தனி வாத்தியாரையோ வைத்து வீட்டில் படிக்க வைக்கிற வழக்கம் இந்த நாட்டில் எங்கும் அபூர்வம் அல்ல என்றும் சேர்த்து எழுதினார். அப்படிப் படித்தவர்களையும் கூட்டினால் ஆண்பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாகப் படிப்பு கிடைத்திருக்கும் என்பது அவர் மதிப்பு.

தரம்பால் இந்த ஆவணங்களைத் தேடி எடுத்து 1983-ல் புத்தகமாகப் போட்டார். அதற்குப் பிறகு இந்த எண்கள் ஊரெல்லாம் சுற்றுகின்றன. வெள்ளைக்காரன் வருமுன் நாம் எல்லோரும் படித்தவர்கள் என்று வாட்ஸ்அப்பில் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது எனக்கு வருகிறது. மன்றோவின் தாராளமான கணக்கை எடுத்துக்கொண்டாலும் மூன்றில் இரண்டு பங்குப் பையன்களுக்குப் படிப்பு இல்லை, ஐயா. பெண்கள்? மாகாணம் முழுக்கப் பள்ளிக்கூடம் போன பெண்குழந்தைகள் ஐயாயிரத்தை எட்டவில்லை. வீட்டில் படித்ததாகச் சொன்ன அந்த 26,963 பேரில் பெண்கள் 517. மற்ற 26,446 பேரும் பையன்கள்.

சரி, அந்தப் படிப்பு எப்படி நடந்தது?

திண்ணைப் பள்ளிக்கூடம் என்று நாம் சொல்வது பாதி வீடு, பாதி பள்ளி. வாத்தியார் வீட்டுத் திண்ணை, இல்லாவிட்டால் ஊரில் வசதியான ஒருவர் வீட்டுத் திண்ணை. அவர் தன் பிள்ளைக்காக வாத்தியார் வைப்பார். தெருப்பிள்ளைகளும் வந்து உட்காரும். சம்பளம் பெரும்பாலும் நெல்லாக. நவராத்திரிக்குப் பிள்ளைகள் வீடுவீடாகப் போய்ப் பாட்டுப் பாடிக் கோலாட்டம் அடித்து வாத்தியாருக்குக் காசும் வேட்டியும் வாங்கிக்கொடுப்பார்கள். உவா நாட்களில் விடுமுறை.

குழந்தைக்கு ஐந்து வயதில் ஆரம்பம். முதல் எழுத்து மணலில். வாத்தியார் பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் ஓட்டுவார். ஓட்டும்போதே அந்த எழுத்தைப் பிள்ளை உரக்கச் சொல்ல வேண்டும். கை, கண், வாய், காது நாலும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். தப்பாக எழுதினால் தடவிவிட்டால் போயிற்று. கிழிக்கத் தாள் இல்லை, சிவப்பு மை இல்லை. ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வர ரொம்ப நாளாகும். அதுவரை எல்லாம் வாய்ப்பாடம். நான் டீச்சர் டிரெயினிங்கில் 'பல்புலன் வழிக் கற்றல்' என்று பெரிய பெயர் போட்டுப் படித்ததும் இதுதான்.

கணக்குதான் எனக்கு மலைப்பாக இருக்கிறது. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாத்து என்று வரிசையாகப் போகும். ஒன்று, இரண்டு, மூன்று என்று மேலே போவதோடு, ஒன்றுக்குக் கீழேயும் இறங்குவார்கள். அரை, கால், அரைக்கால், மாகாணி. இன்னொரு பக்கம் மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் 320-ல் ஒன்று. இன்று பின்னம் என்றாலே ஐந்தாம் வகுப்புப் பிள்ளை நடுங்குகிறது. அன்றைய பிள்ளைக்கு அது காகிதத்தில் மேலும் கீழும் எழுதிய எண் இல்லை. இருபது மா சேர்ந்தால் ஒரு வேலி நிலம், எனவே மா என்றால் இருபதில் ஒன்று என்று வயலையே காட்டிவிடலாம். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. அம்மா உலைக்கு அரிசி அளக்கும்போது பக்கத்தில் நின்றாலே பாதிக் கணக்கு வந்துவிடும்.

சாயங்காலம் 'முறை சொல்லுதல்'. ஒருவன் வாய்ப்பாடு சொல்வான், மற்றவர்கள் பின்னால் கோஷம் போடுவார்கள். தெருக்கோடி வரை கேட்கும். படிக்கிற வீடு என்பது சத்தமான வீடு.

இன்னொன்று, ஒரே வாத்தியார்தான், ஆனால் ஐந்து வயதிலிருந்து பதினைந்து வயது வரை பிள்ளைகள். எப்படிச் சமாளிப்பார்? பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுப்பான். அவர்கள் தலைவன் சட்டாம்பிள்ளை. பெல்லாரி கலெக்டராக இருந்த கேம்பல் 1823-ல் எழுதிய அறிக்கையில் இந்த முறையை மெச்சி எழுதியிருக்கிறார். சின்னவன் படிப்பான், பெரியவனுக்குத் தான் படித்தது உறுதிப்படும், இங்கிலாந்தே இதைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறது என்று.

காப்பியடித்த கதை வேடிக்கையானது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண் அனாதைக் குழந்தைகள் இல்லத்தைக் கவனித்து வந்தார். ஒருநாள் வழியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். திரும்பி வந்து தன் உதவி ஆசிரியர்களிடம் அப்படிச் செய்யச் சொன்னார். அதெல்லாம் நடக்காது என்றார்கள். விட்டாரா? ஜான் ஃப்ரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனிடம் அந்த வேலையைக் கொடுத்தார். பையன் செய்து காட்டிவிட்டான்! பெல் ஊருக்குத் திரும்பி 1797-ல் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்து முழுக்கப் பரவியது. நம் திண்ணை கப்பலேறிப் போன கதை இது.

அடி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, தாராளமாக இருந்தது. அதையும் அதே கேம்பல் எழுதியிருக்கிறார். காலையில் முதலில் வருகிற பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயரை எழுதுவார்களாம். இரண்டாவது வருபவன் கையில் சுழி. மூன்றாவது வருபவனுக்கு ஓர் அடி, நாலாவது வருபவனுக்கு இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும். நம் பக்கத்தில் கோதண்டம் போடுவது என்று ஒன்று உண்டு. கயிற்றில் பிடித்துத் தொங்க வேண்டும், கீழே கால் வைக்கக் கூடாது. இதைப் படிக்கும்போது பேத்தியை நிற்க வைத்த அந்த வகுப்பு ஞாபகம் வந்தது. என் வகுப்பும் வந்தது. நானும் நிற்க வைத்திருக்கிறேன். அறுபது பிள்ளைகள் இருக்கும் அறையில் வேறு வழி தெரியவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆக, திண்ணையைத் தூக்கித் தலையில் வைத்துக் கொண்டாட நான் தயாராக இல்லை. அந்தத் திண்ணையில் ஏற முடியாத பிள்ளைகள் இருந்தார்கள். சேரிப் பிள்ளைக்குத் திண்ணை என்ன, பல ஊர்களில் அந்தத் தெருவே கிடையாது. 1894-ல் கர்னல் ஆல்காட் அடையாறில் அவர்களுக்கென்று தனியாகப் பள்ளி தொடங்க வேண்டி வந்ததற்குக் காரணம் வேறென்ன?

வீட்டில் படித்துப் பெரியவரானவர் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது உ.வே.சா. 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது அவரிடம் எந்தப் பட்டமும் இல்லை. என் மகளும் இதைத்தான் சொல்வாள் என்று தெரியும், அதனால் 'என் சரித்திர'த்தை மறுபடி எடுத்தேன். படித்துப் பார்த்தால் அதில் கண்ணில் படுவது அவருடைய தகப்பனார் வேங்கடசுப்பையர். அவர் சங்கீத வித்துவான். பிள்ளைக்கும் சங்கீதம் வர வேண்டும் என்பது அவர் ஆசை. பிள்ளைக்குத் தமிழில் பைத்தியம். தனக்குத் தெரிந்ததோடு நிறுத்திக்கொள்ளாமல், சொல்லிக்கொடுக்க ஆள் எங்கே இருக்கிறாரோ அங்கே குடும்பத்தையே கட்டிக்கொண்டு போனார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார். கடைசியில் 1871-ல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டுபோய்விட்டார். நிலையான வருமானம் இல்லாத மனிதர். வீட்டிலேயே படிக்க வைத்தார் என்று சொல்வதைவிட, பிள்ளையின் படிப்பு எங்கே இருந்ததோ அங்கே வீட்டைத் தூக்கிக்கொண்டு போனார் என்பது சரி.

பெண்கள் விஷயத்தில் வீட்டுப்படிப்பு வேறு மாதிரி. அங்கே அது ஆசையால் வந்ததல்ல, கதவு சாத்தியதால் வந்தது. புதுக்கோட்டை முத்துலட்சுமி வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. அப்பா மகாராஜா கல்லூரிப் பேராசிரியர், ஆகவே வீட்டில் படிப்பு தொடர்ந்தது. வீட்டிலிருந்தே மெட்ரிகுலேஷன் தேறி, பின்னால் டாக்டரானார். அந்த அப்பா இல்லாவிட்டால்?

அதே 1886-ல் சென்னையில் பிறந்தவர் சுப்புலட்சுமி, பிறகு 'சகோதரி சுப்புலட்சுமி' என்று அறியப்பட்டவர். குழந்தைக் கல்யாணம். பதினொரு வயதுக்குள் கணவன் போய்விட்டான். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட குழந்தைக்கு என்ன நடக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அவருடைய அப்பா சுப்பிரமணிய ஐயர் மகளை வீட்டில் உட்கார வைத்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். பிறகு ஊர் என்ன பேசினாலும் பேசட்டும் என்று கான்வென்டுக்கு அனுப்பினார். 1911-ல் அவர் பி.ஏ. பட்டம் வாங்கினார். அடுத்த வருஷம் எழும்பூரில் தன் வீட்டிலேயே நாலு இளம் விதவைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு படிப்பிக்க ஆரம்பித்தார். நாலே பேர். அப்பா தனக்குச் செய்ததை அவர் அடுத்த வீட்டுப் பெண்களுக்குச் செய்தார். அது சாரதா இல்லமாக வளர்ந்து, வீடு போதாமல் கடற்கரை ஐஸ் ஹவுஸுக்குப் போனது. அங்கே படித்துப் பல பெண்கள் டீச்சரானார்கள்.

இனி எங்கள் வீட்டுக் கதை ஒன்று.

1953-ல் ராஜாஜி கிராமத் தொடக்கப் பள்ளிகளில் புதிய திட்டம் ஒன்று கொண்டுவந்தார். பள்ளிக்கூடம் ஒருவேளை மட்டும், மூன்று மணி நேரம். மற்ற வேளை பிள்ளை வீட்டில் இருந்து அப்பா செய்யும் தொழிலைப் பழக வேண்டும், பெண்பிள்ளை அம்மாவிடம் வீட்டு வேலை. இடப்பற்றாக்குறை, ஆசிரியர் பற்றாக்குறை, கைத்தொழிலின் மதிப்பு என்று காரணங்கள் சொன்னார்கள். பெரியார் அதைக் 'குலக்கல்வி' என்றார். அந்தப் பெயரே நின்றுவிட்டது. திராவிடர் கழகமும் தி.மு.க.வும் கிளம்பின. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் முதல்வரானதும் மே மாதத்தில் திட்டத்தைக் கைவிட்டார்.

நான் அப்போது பிறக்கவில்லை. எங்கள் பெரியண்ணன் மூன்றாம் வகுப்பு. அப்பா தச்சர். மத்தியானத்துக்கு மேல் அண்ணன் பட்டறையில் இருப்பார். அந்த ஒரு வருஷத்தை அண்ணன் இன்றைக்கும் சந்தோஷமாகத்தான் சொல்வார். கொட்டாப்புளியும் உளியும் பிடிக்கத் தெரிந்தது அப்போதுதான், அப்பா பக்கத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததும் அப்போதுதான் என்பார். திட்டத்தை ஆதரித்தவர்கள் யாராவது எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்திருந்தால் பூரித்துப்போயிருப்பார்கள்.

ஆனால் அண்ணன் வகுப்பிலேயே கர்ணம் வீட்டுப் பையனும் படித்தான். அவனுக்கும் அதே மூன்று மணி நேரப் பள்ளி, அதே அரைநாள் வீடு. அந்த அரைநாளில் அவன் வீட்டுக்குக் கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் வாத்தியார் வந்தார். அண்ணன் உளி பிடித்த அதே நேரத்தில் அவன் கிராமர் படித்தான். "வீட்டுல படிங்கன்னு ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் சொன்னாங்க பாப்பா. வீடுதான் ஒரே மாதிரி இல்லை" என்று அண்ணன் ஒருதரம் சொன்னார். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். எனக்கு டீச்சர் டிரெயினிங் பீஸ் கட்டியவரும் அவர்தான்.

இதையெல்லாம் அசைபோட்டுவிட்டுப் புதன்கிழமை நானே மகளைக் கூப்பிட்டேன்.

முதலில் சட்டம். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. ஆறு முதல் பதினாலு வயது வரை பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆவது பிரிவு சொல்கிறது. மீறும் பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அதில் எழுதவில்லை. ஆகவே நாட்டில் சிலர் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சான்றிதழ் வேண்டும் என்றால், தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதினாலு வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குச் சமமான தேர்வு எழுதலாம். நம் மாநிலத்திலேயே பன்னிரண்டரை வயதில் தனித்தேர்வராக எட்டாம் வகுப்பு எழுதலாம். பேத்திக்கு அதற்கெல்லாம் வருஷக்கணக்கில் நேரம் இருக்கிறது. "பரீட்சையை நெனச்சு இப்பவே பயப்படாதே" என்றேன்.

பிறகு அவளிடம் கேட்டேன்: "ஏம்மா, பாப்பாவோட சேர்ந்து யார் படிப்பா?" அவளுக்குப் புரியவில்லை. "யாரும் இல்லம்மா, பாப்பா மட்டும்தான். அதுதானே வேணும், தனிக் கவனிப்பு" என்றாள். எனக்குத் தெரிந்து நம் ஊரில் ஒரு பிள்ளை மட்டும் ஓர் அம்மாவோடு அறைக்குள் உட்கார்ந்து படித்ததாக எந்தத் திண்ணையும் இல்லை என்றேன். சட்டாம்பிள்ளை வேண்டும், தான் சொல்லிக்கொடுக்க ஒரு சின்னது வேண்டும், சேர்ந்து கத்த நாலு குரல் வேண்டும். அவள் அபார்ட்மென்டில் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் பிள்ளைகள் இரண்டு, பள்ளி விட்டதும் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருக்கும். போன தடவை போனபோது பார்த்தேன். "அதுங்களையும் கூப்பிடு. சாயங்காலம் ரெண்டு மணி நேரம். உனக்குத் தெரியாததுக்கு ஆள் தேடு, வெட்கப்படாதே" என்றேன். "வாட்ச்மேன் தாத்தா பழைய மேஸ்திரி. அளக்கிற கணக்கு அவரைவிட உனக்குத் தெரியுமா?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "மாப்பிள்ளைகிட்ட கேக்கணும்" என்றாள். கேட்கட்டும். இப்போதைக்கு முடிவு இதுதான்: பாப்பாவைப் பள்ளியிலிருந்து எடுக்கவில்லை. டிசம்பர் லீவு வரைக்கும் சாயங்காலம் மட்டும் மூன்று பிள்ளைகளோடு நடத்திப் பார்ப்பது. நிற்க வைத்த விஷயத்தை மாப்பிள்ளை நேரில் போய்ப் பள்ளியில் பேசுவது. அதற்குப் பிறகும் வயிற்றுவலி வந்தால் நிறுத்திவிடுவது. அப்போது நான் குறுக்கே நிற்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

லீவுக்குப் பாப்பா இங்கே வருகிறாள். பரணிலிருந்து பழைய உழக்கையும் படியையும் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். ஆற்று மணல் கிடைப்பதுதான் இப்போது குதிரைக்கொம்பு. எம்சாண்டில் விரலால் எழுதினால் தோல் உரிந்துவிடும். பக்கத்து வீட்டில் கட்டட வேலை நடக்கிறது, அங்கே ஒரு முறம் அளவுக்குச் சலித்த மணல் கேட்டிருக்கிறேன்.

உங்களில் யார் வீட்டிலாவது பழைய எண்சுவடி, அச்சுப் புத்தகமோ ஓலையோ, இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். முந்திரி வாய்ப்பாடு முழுதாக இருந்தால் ரொம்ப நல்லது. என்னிடம் இருக்கும் பிரதியில் கரையான் அரித்தது சரியாக அந்தப் பக்கத்தைத்தான்.